தாகமும் தேவையும்: காவிரி நீர்ப் பங்கீட்டில் குடிநீர் முதன்மை குறித்த ஓர் அறவியல் நோக்கு

முன்னுரை

நீரைப் பங்கிடுமிடத்துக் குடிநீருக்கே முதலிடம் என்பது இந்திய நாட்டின் நீர்க்கொள்கைகள் ஒருமித்து ஏற்றுக்கொண்ட நெறியாகும். 1987-ஆம் ஆண்டு வெளியான முதல் தேசிய நீர்க்கொள்கையும் 2002-ஆம் ஆண்டின் திருத்திய கொள்கையும் பயன்பாடுகளை வரிசைப்படுத்தி, குடிநீரை முதலிலும் பாசனத்தை அதற்கடுத்தும் வைத்தன. இந்நெறியை மறுப்பார் இலர். தாகத்தால் வாடும் ஒருவனுக்கு நீர் தர மறுப்பதைக் கொடுமை என்றே எல்லாச் சமயங்களும் எல்லா அறநூல்களும் கருதுகின்றன. தமிழ் மரபில் தண்ணீர்ப் பந்தல் வைத்தல் அறங்களுள் ஒன்றாக எண்ணப்படுவதும் இதனாலேயே.

எனினும், தனிமனிதன் ஒருவனின் தாகம் என்பது வேறு. ஒரு மாநகரத்தின் நீர்த்தேவை என்பது வேறு. முன்னதற்குரிய அறவலிமை பின்னதற்கு அப்படியே முழுமையாக வந்து சேருமா? சேருமெனில் எந்த அளவிற்கு, எக்கடப்பாடுகளுடன்? வருங்கால நீர்த்திட்டங்களை வகுப்போர் இவ்வினாவை எதிர்கொள்ளாமல் கடந்துவிடுகின்றனர். காவிரி நீர்ப் பங்கீட்டில் பெங்களூரு மாநகருக்கு வழங்கப்பட்ட குடிநீர் ஒதுக்கீட்டைச் சான்றாகக் கொண்டு இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். எந்த மாநிலத்தின் பக்கம் நியாயம் உள்ளது என்று தீர்ப்புரைப்பது இதன் நோக்கமன்று. பெங்களூருவில் காவிரி நீரைப் பருகி வாழும் தமிழர் பலருக்கு உறவினர் தஞ்சைத் தரணியில் அதே நீரை நம்பி உழுகின்றனர். 1991-ஆம் ஆண்டின் இறுதியிலும் 2016 செப்டம்பரிலும் இந்நகரில் நேர்ந்த வன்முறைகள், நீர்க்கணக்கு மனிதருக்கிடையிலான பகைக் கணக்காக மாறுவது எத்துணை எளிது என்பதைக் காட்டின. ஆகவே இவ்வினா ஏட்டளவில் நின்றுவிடும் வினாவன்று.

தேவை என்னும் சொல்லின் அடுக்குகள்

தேவை என்பது ஒற்றைப் பொருளுடைய சொல் போலத் தோன்றினும், நீரைப் பொறுத்தவரை அது மூன்று அடுக்குகளை உள்ளடக்கியது. உயிர் நிலைபெறவும் உடல் நலமுறவும் இன்றியமையாத நீர் முதல் அடுக்கு. இதனை உயிர்த்தேவை எனலாம். உழவு, கால்நடை, கைத்தொழில் முதலான பிழைப்பு வழிகளுக்கு வேண்டிய நீர் இரண்டாம் அடுக்கு; இது வாழ்வுத்தேவை. எஞ்சியது வசதித்தேவை. புல்வெளிக்கும் நீரூற்றுக்கும் வாகனம் கழுவுவதற்கும் ஆகும் நீர் இவ்வகையினது.

நீரியல் அறிஞர் பீட்டர் கிளைக் 1996-ஆம் ஆண்டு மனிதனுக்கு வேண்டிய அடிப்படை நீரளவை நாளொன்றுக்கு 50 லிட்டர் எனக் கணித்தார். குடிப்பதற்கு 5, கழிவகற்றத் தூய்மைக்கு 20, குளிப்பதற்கு 15, சமைப்பதற்கு 10 என்பது அவர்தம் பகுப்பு. இதன்படி குடிநீர் என்னும் பெயருக்கு நேரே உரிய அளவு 5 லிட்டரே ஆகும். சமையலுக்குரியதைச் சேர்த்தாலும் 15 லிட்டரைத் தாண்டுவதில்லை.

இந்திய அரசின் அளவுகோல்களை இதனோடு ஒப்பிட்டு நோக்கலாம். 2019-இல் தொடங்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டம் ஊரகத்தில் வாழும் ஒருவருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என அளவு வகுத்தது. கழிவுநீர்க் குழாயமைப்புடைய நகரத்தில் வாழ்பவருக்கு 135 லிட்டர் என்பது நடுவண் பொதுநலப் பொறியியல் அமைப்பின் வழிகாட்டு அளவு. ஊரில் வாழ்பவரின் தாகம் சிறியது, நகரில் வாழ்பவரின் தாகம் பெரியது என்று எவரும் கூறார். இடையிலுள்ள 80 லிட்டர் வேறுபாட்டில் பெரும்பகுதி, கழிவை நீரால் அடித்துச் செல்லும் குழாயமைப்பு முறையினால் விளைவது. அம்முறை பொதுநலத்திற்கு இன்றியமையாதது என்று வாதிடலாம். அவ்வாதத்தில் உண்மையும் உண்டு. ஆயினும் அது தாகத்தின் வாதமாகாது. ஒரு தொழில்நுட்பத் தேர்வின் விளைவைத் தாகம் என்னும் பெயரால் அழைக்கும்போது, அத்தேர்வு குறித்து வினவும் வாய்ப்பே அடைபட்டுவிடுகிறது.

தீர்ப்புகளும் ஒதுக்கீடும்

1990 ஜூன் மாதம் அமைக்கப்பட்ட காவிரி நடுவர் மன்றம் தன் இறுதி ஆணையை 2007 பிப்ரவரி 5-ஆம் நாள் வழங்கியது. காவிரிப் படுகையில் கிடைக்கும் நீர் 740 டி.எம்.சி. எனக் கொண்டு, தமிழ்நாட்டிற்கு 419, கர்நாடகத்திற்கு 270, கேரளத்திற்கு 30, புதுச்சேரிக்கு 7 என்று அது பகிர்ந்தது. சுற்றுச்சூழலுக்கு 10 டி.எம்.சி.யும், தவிர்க்கவியலாது கடலில் சேர்வதாக 4 டி.எம்.சி.யும் ஒதுக்கப்பெற்றன. பெங்களூரு நகரின் மூன்றில் ஒரு பகுதியே காவிரிப் படுகைக்குள் அமைந்துள்ளது என்றும், நகரின் குடிநீர்த் தேவையில் பாதி நிலத்தடி நீரால் நிறைவுறும் என்றும் மன்றம் கருதியது. ஆகவே நகருக்கெனக் கணக்கிடப்பட்ட அளவு சிறியதாகவே அமைந்தது.

2018 பிப்ரவரி 16-ஆம் நாள் உச்சநீதிமன்றம் இக்கணிப்பை ஏற்க மறுத்தது. படுகையின் எல்லைக் கோட்டை வைத்துக் குடிநீரை மறுப்பது முறையாகாது என்பது அதன் கருத்து. பெங்களூருவின் குடிநீருக்கென 4.75 டி.எம்.சி.யும், தமிழ்நாட்டில் கிடைக்கும் நிலத்தடி நீரைக் கருதி 10 டி.எம்.சி.யும் கர்நாடகத்தின் பங்கில் சேர்க்கப்பெற்றன. அதன் பங்கு 284.75 ஆக உயர்ந்தது. தமிழ்நாட்டின் பங்கு 404.25 ஆகக் குறைந்தது. எந்த மாநிலமும் ஆற்றின் மீது தனியுடைமை கொண்டாட இயலாது என்றும், குடிநீர்த் தேவை பங்கீட்டு நெறிகளுள் உயர்நிலையில் வைக்கத்தக்கது என்றும் நீதிமன்றம் உரைத்தது. இவ்விரண்டும் போற்றத்தக்க கருத்துகள். ஆற்று நீருக்கு ஒருவனது தாகம் வடிநில எல்லைக்கு அப்பால் உள்ளதா இப்பால் உள்ளதா என்பது பொருட்டன்று.

இவ்விடத்து ஒரு நுண்ணிய கலப்பு நேர்ந்திருப்பது நோக்கத்தக்கது. பெங்களூரு உலகத்தகுதி பெற்ற நகரம் என்னும் கருத்தும் தீர்ப்பில் இடம்பெறுகிறது. குடிநீர் உரிமைக்கு நகரின் தகுதி காரணமாக முடியுமா? புகழ்பெற்ற நகரில் வாழ்பவருக்கு மிகுந்த தாகமும் பெயரறியாச் சிற்றூரில் வாழ்பவருக்குக் குறைந்த தாகமும் இல்லை. தகுதி என்பது மதிப்பின் மொழி. தாகம் என்பது உயிரின் மொழி. இவ்விரு மொழிகளும் ஒரே வாதத்தில் கலக்கும்போது, எந்தக் காரணத்தால் உரிமை வழங்கப்பட்டது என்பது தெளிவின்றிப் போகிறது.

ஐந்தில் ஒரு பங்கு என்னும் கணக்கு

ஒதுக்கீட்டு எண்களுக்குப் பின்னால் பொதுமக்கள் அதிகம் அறியாத ஓர் அளவீட்டு விதி உள்ளது. நகர்ப்புற, வீட்டுப் பயன்பாட்டிற்கு எடுக்கப்படும் நீரில் 20 விழுக்காடு மட்டுமே நுகரப்பட்டதாக நடுவர் மன்றத்தின் ஆணை கணக்கிடுகிறது. தொழிற்சாலைகளுக்கு இவ்வளவு 2.5 விழுக்காடாகும். வீடுகளில் பயன்படும் நீர் பெரும்பாலும் கழிவுநீராகி மீண்டும் ஆற்றை அடையும் என்பது இவ்விதியின் அடிப்படை. இக்கணக்கின்படி 4.75 டி.எம்.சி. நுகர்வு என்பது ஏறத்தாழ 24 டி.எம்.சி. நீரை ஆற்றிலிருந்து எடுப்பதற்குச் சமமாகும்.

இங்ஙனம் எடுக்கப்படும் நீரில் ஐந்தில் நான்கு பங்கு திரும்பிவரும் என்பது வெறும் பொறியியல் மதிப்பீடு அன்று. கீழ்ப்பகுதியில் வாழ்வோருக்கு அளிக்கப்பட்ட வாக்குறுதி எனவே அதனைக் கொள்ளல் வேண்டும். அவ்வாக்குறுதி நிறைவேறுகிறதா? பெங்களூரு ஒரு மேட்டு நிலத்தின் முகட்டில் அமைந்த நகரம். அதன் மேற்கு, தென்மேற்குப் பகுதிகளின் கழிவுநீர் விருசபாவதி வழியாக அர்க்காவதியில் கலந்து காவிரியைச் சேர்கிறது. கோரமங்கலா–சல்லகட்டா, எப்பாள் பள்ளத்தாக்குகளின் நீரோ தென்பெண்ணையாற்றை நோக்கிச் செல்வது. படுகையின் எல்லையைக் குடிநீர் பொருட்டுக் கடந்தது அறத்தோடு பட்டதே. ஆயினும் அவ்வெல்லையைக் கடந்த நீர் தானாகத் திரும்பி வராது; நிலத்தின் சரிவைத் தீர்ப்பால் மாற்றவியலாது.

திரும்பும் நீரின் தன்மையும் எண்ணத்தக்கது. பெல்லந்தூர் ஏரி நுரைத்தும் தீப்பற்றியும் செய்தியானமை பலர் அறிந்தது. அந்நீர் ஓடிச் சேரும் தென்பெண்ணையில் ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்குவதும் பலமுறை பதிவாகியுள்ளது. நன்னீரை எடுத்துக்கொண்டு நச்சுநீரைத் திருப்பித் தருவது கடன் தீர்த்ததாகாது. இதற்கு மறுதலையாகவும் ஒரு சான்று உண்டு. கோரமங்கலா–சல்லகட்டாப் பள்ளத்தாக்கின் கழிவுநீரைச் சுத்திகரித்து, வறட்சி மிக்க கோலார் மாவட்டத்தின் ஏரிகளை நிரப்பும் திட்டம் 2018-இல் செயற்படத் தொடங்கியது. நாளொன்றுக்கு 44 கோடி லிட்டர் என்பது அதன் திட்ட அளவு. இரண்டாம் நிலைச் சுத்திகரிப்பு மட்டும் போதுமா என்னும் ஐயம் எழுப்பப்பட்டது, அவ்வையம் புறக்கணிக்கத்தக்கதன்று. எனினும் நகரம் பயன்படுத்திய நீர் வேறொருவரின் வாழ்வுத்தேவைக்கு உதவக்கூடும் என்பதை இத்திட்டம் மெய்ப்பித்தது. அதே வேளையில், கோலாருக்குச் சென்ற அந்நீர் காவிரிக்குத் திரும்புவதாகக் கணக்கில் எழுதப்படுமாயின் ஒரே நீர் இருமுறை எண்ணப்படுவதாகும்.

இழந்த ஏரிகளும் இன்றைய தாகமும்

பேராறு எதுவும் ஓடாத பெங்களூரு, தன் ஏரிகளால் வாழ்ந்த ஊர். 1894-இல் எசருகட்டாவிலிருந்தும், 1933-இல் அர்க்காவதியின் திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கத்திலிருந்தும் நகருக்கு நீர் வந்தது. 1974-இல் காவிரிக் குடிநீர்த் திட்டத்தின் முதற்கட்டம் நிறைவுற்றது. இடைப்பட்ட காலத்திலும் பின்னரும் நகரின் உள்ளிருந்த ஏரிகள் பல மறைந்தன. தர்மாம்புதி ஏரி பேருந்து நிலையமாயிற்று. சம்பங்கி ஏரி விளையாட்டரங்கமாயிற்று. இன்று காவிரி நீர் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து 500 மீட்டர் உயரத்திற்கு மின்னாற்றலால் ஏற்றப்பட்டு நகரை அடைகிறது.

தன் நீர்நிலைகளைத் தானே அழித்த நகரம் பிறர் நீரைக் கேட்பதற்குத் தகுதியுடையதா என்பார் உளர். இவ்வாதம் வலிமையுடையது போலத் தோன்றினும் முழுமையாக ஏற்கத்தக்கதன்று. ஏரியைத் தூர்த்தவர் ஒருவர். இன்று குடத்துடன் காத்திருப்பவர் வேறொருவர். பிழைப்புத் தேடி அண்மையில் நகருக்கு வந்த கட்டடத் தொழிலாளியின் மீது அரை நூற்றாண்டுக்கு முந்தைய பிழையைச் சுமத்தி அவருக்குத் தண்ணீர் மறுப்பது அறமாகாது. தாகத்தின் உரிமை, முந்தைய பிழையால் கெடுவதில்லை.

ஆயினும் பிழையின் கடப்பாடு மறைந்துவிடவும் இல்லை. நகரம் என்னும் நிறுவனம் தொடர்ந்து இருக்கிறது; ஏரி நிலத்தின் பயனை அது இன்றும் துய்க்கிறது. ஆகவே நீர் பெறும் உரிமை குடிமக்களுக்கும், எஞ்சிய ஏரிகளைக் காத்தல், மழைநீரைச் சேமித்தல், கசிவைக் குறைத்தல் ஆகிய கடப்பாடுகள் நகருக்கும் உரியன என்று பிரித்தறிதல் வேண்டும். குழாயில் செலுத்தப்படும் நீரில் கால் பங்குக்கும் மேல் கணக்கில் வராமற் போவதை இந்நோக்கில் காணும்போது, அது நிருவாகக் குறைபாடு என்னும் நிலையைக் கடந்து அறக்குறைபாடாகிறது. தாகத்தின் பெயரால் பெற்ற நீரை வழியிலேயே ஒழுகவிடுதல், பிறர் கொடுத்த கொடையைக் காவாது விடுதலை ஒக்கும்.

மதிப்பின் வாதம்

ஒரு டி.எம்.சி. நீர் வயலில் ஈட்டும் வருவாயைக் காட்டிலும் நகரில் ஈட்டும் வருவாய் பன்மடங்கு மிகுதி. ஆதலால் நகருக்கு நீர் செல்வதே நாட்டிற்கு நன்று என்பது பயன்முதல்வாதிகளின் கூற்று. பொருளியல் நோக்கில் இக்கூற்றை எளிதில் தள்ளிவிட முடியாது. நகரம் ஈட்டும் வரியிலிருந்தே ஊரகத் திட்டங்கள் பலவும் நடைபெறுகின்றன.

எனினும் இவ்வாதம் குடிநீர் முதன்மையோடு பொருந்துவதன்று. மதிப்பு மிகுந்த பயன்பாட்டிற்கு நீர் வேண்டுமெனில், அதற்குரிய வழி பேச்சும் உடன்பாடும் ஈடும் ஆகும். கீழ்ப்பகுதி உழவரிடம் விலையின்றி, அவர்தம் இசைவின்றிப் பெறுவதற்குத் தாகம் ஒன்றே போதிய காரணம். ஆகவே தாகத்தின் பெயரால் பெற்ற நீரைச் செல்வத்தின் பெயரால் செலவிடுதல் முரணாகும். எக்காரணத்தால் ஒரு பொருள் வழங்கப்பட்டதோ அக்காரணமே அதன் பயன்பாட்டிற்கும் வரம்பாதல் வேண்டும். பஞ்சத்திற்கென்று பெற்ற நெல்லை விருந்திற்குப் பயன்படுத்துவோரை எவரும் பாராட்டார்.

ஒரே குழாயில் வரும் நீரைத் தாகத்திற்கு உரியது, வசதிக்கு உரியது என்று எங்ஙனம் பிரிப்பது என வினவலாம். நடைமுறையே இதற்கு விடை தந்துள்ளது. 2024-ஆம் ஆண்டின் கோடையில் பெங்களூருவின் ஆழ்துளைக் கிணறுகள் பெருமளவு வறண்டன. அவ்வாண்டு மார்ச் மாதம் நகரின் குடிநீர் வாரியம் வாகனம் கழுவுதல், தோட்டம், கட்டுமானம், அலங்கார நீரூற்று முதலியவற்றிற்குக் குடிநீரைப் பயன்படுத்தத் தடைவிதித்து, மீறுவோருக்கு 5,000 ரூபாய் தண்டம் அறிவித்தது. தேவையின் அடுக்குகளைப் பிரிக்க இயலும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை. நெருக்கடியில் மட்டும் நினைவுக்கு வரும் அப்பாகுபாட்டை எக்காலத்திற்கும் உரிய நெறியாக்குவதே திட்டமிடுவோரின் பணியாகும். அக்கோடையில் குழாய் இணைப்பு இல்லாதோர் லாரித் தண்ணீரை மிகுந்த விலைக்கு வாங்கினர். மாவட்ட நிருவாகம் விலைக்கு உச்சவரம்பு விதிக்க நேர்ந்தது. எவருடைய தாகத்தைக் காட்டி நகரம் நீர் பெற்றதோ அவர்களே நகரின் நீர்வரிசையில் கடைசியில் நின்றனர்.

உழவின் தேவையும் ஆற்றின் தேவையும்

அடுக்கு நெறியை நகரத்திற்கு மட்டும் பொருத்துதல் நடுநிலையாகாது. உழவும் தன் தேவை முழுவதையும் வாழ்வுத்தேவை என்று கூறிக்கொள்ள இயலாது. மண்டியாவின் கரும்பு வயலாயினும் தஞ்சையின் நெல்வயலாயினும், பயிருக்கு வேண்டிய நீருக்கும் பாய்ச்சப்படும் நீருக்கும் இடையே வேறுபாடு உண்டு. தமிழ்நாட்டில் பரப்பப்பட்ட திருந்திய நெல் சாகுபடி, வயலில் எந்நேரமும் நீரைத் தேக்கி வைக்காமலே நெல் விளையும் என்று காட்டியது. ஆகவே சிக்கனக் கடப்பாடு உழவருக்கும் உண்டு.

தமிழ்நாடும் காவிரி நீரைப் படுகைக்கு வெளியே கொண்டுசெல்கிறது என்பதை மறத்தல் கூடாது. 2004-இல் நிறைவுற்ற புதிய வீராணம் திட்டம், நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர் நீரைச் சென்னைக்குக் கொண்டுசேர்க்க வகுக்கப்பட்டது. சென்னையில் பயன்பட்ட அந்நீரும் காவிரிக்குத் திரும்புவதில்லை. பெங்களூருவுக்குப் பொருந்தும் அறவினாக்கள் யாவும் சென்னைக்கும் பொருந்தும். மாநிலங்களுக்கு இடையிலான பூசலாக நாம் காண்பது பெரும்பாலும் நகரத்திற்கும் நாட்டுப்புறத்திற்கும் இடையிலான போட்டியே என்பது இதனால் புலனாகும்.

மேலும், பாசன ஒதுக்கீடு நிலப்பரப்பை அடிப்படையாகக் கொண்டது. தமிழ்நாட்டிற்கு 24.71 இலட்சம் ஏக்கர், கர்நாடகத்திற்கு 18.85 இலட்சம் ஏக்கர் என்று நடுவர் மன்றம் கணக்கிட்டது. இக்கணக்கில் நிலமுடையார் இடம்பெறுவர்; நாற்று நடும் பெண்ணும் கதிரறுக்கும் கூலியாளும் இடம்பெறார். குறுவை பொய்க்கும்போது உழவருக்கு இழப்பீடு பேசப்படுகிறது. வேலையிழந்த கூலியாளின் இழப்பு பெரும்பாலும் எண்ணப்படுவதில்லை. வாழ்வுத்தேவை என்று உண்மையிலேயே பேசுவோமாயின் அவரிடமிருந்தே தொடங்குதல் வேண்டும்.

எவராலும் வழக்காடப்படாத தேவை ஒன்றும் உண்டு. அது ஆற்றின் தேவை. 740 டி.எம்.சி.யில் சுற்றுச்சூழலுக்கும் கடலுக்குமாக 14 டி.எம்.சி. ஒதுக்கப்பட்டது, மொத்தத்தில் இது 2 விழுக்காட்டினும் குறைவு. கடலில் கலக்கும் நீரை வீணென்று கூறுவது நம் பேச்சு வழக்கு. ஆற்று நீர் கடலைச் சேராவிடில் கடல்நீர் நிலத்தினுள் புகும். கழிமுகத்து மீன்வளம் குன்றும். கடைமடைக் கிணறுகள் உவர்க்கும். ஆதலின் வீணென்று நாம் கூறுவது கடைமடை மீனவருக்கும் சிற்றுழவருக்கும் உயிர்த்தேவையாக அமைகிறது.

வருங்காலத் தேவை: கணிப்பா, முடிவா?

நீர்த்திட்டங்கள் யாவும் வருங்கால மக்கள்தொகையைக் கணித்துத் தொடங்குகின்றன. மக்கள்தொகையை ஒருவருக்குரிய நீரளவால் பெருக்கி வரும் எண்ணே தேவை எனப்படுகிறது. இக்கணிப்பை வானிலைக் கணிப்புப் போலக் கருதுவது வழக்கம். மழை வருமா என்பதை நாம் முடிவு செய்வதில்லை. நகரம் எங்கே, எவ்வளவு வளர வேண்டும் என்பதை நாமே முடிவு செய்கிறோம். 2007-இல் பெங்களூருவைச் சுற்றியிருந்த 110 ஊர்கள் மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டன. அவ்வூர்களுக்கு நீர் வழங்குவதற்கென நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர் கொள்ளளவுள்ள ஐந்தாம் கட்டக் காவிரித் திட்டம் 2024 அக்டோபரில் தொடங்கிவைக்கப்பட்டது. முதலில் எல்லை விரிந்தது, கட்டடம் எழுந்தது, பின்னர் தாகம் பிறந்தது. தாகம் பிறந்தபின் மறுக்க இயலாது என்பதாலேயே, தாகம் பிறக்குமுன் எடுக்கப்படும் முடிவுகளில் அறப்பொறுப்பு மிகுதியாக உள்ளது.

மேகதாதுவில் அணை கட்டுவதற்குக் கர்நாடகம் 2019-இல் அளித்த விரிவான திட்ட அறிக்கை 67.16 டி.எம்.சி. கொள்ளளவையும் 400 மெகாவாட் மின்னாக்கத்தையும் குறிப்பிடுகிறது, 4.75 டி.எம்.சி. குடிநீர் ஒதுக்கீட்டைப் பயன்கொள்வது அதன் நோக்கமாகக் கூறப்படுகிறது. இத்திட்டத்தின் நன்மை தீமைகள் பொறியாளரும் நீதிமன்றமும் ஆராயத்தக்கன. பல்நோக்குத் திட்டம் ஒன்று குடிநீர் என்னும் ஒரு பெயரால் மட்டும் வழக்குரைக்கப்படும்போது அதன் பிற நோக்கங்கள் அறவினாவிற்கு உட்படாமல் தப்புகின்றன என்பதே இக்கட்டுரைக்கு வேண்டிய செய்தி.

ஜான் ரால்ஸ் 1971-இல் வெளியிட்ட நீதிக் கோட்பாட்டு நூலில் அறியாமைத் திரை என்னும் கருத்தை முன்வைத்தார். தான் யாராகப் பிறப்போம் என்பதை அறியாத ஒருவர் ஏற்கும் விதிகளே நேர்மையானவை என்பது அதன் சாரம். மேட்டுக்குடி அடுக்ககத்திலா, லாரித் தண்ணீர் வாங்கும் தெருவிலா, மண்டியாவிலா, திருவாரூரிலா, 2060-ஆம் ஆண்டிலா பிறப்போம் என்றறியாத ஒருவர், துறைகளை வரிசைப்படுத்தும் விதியை ஏற்பாரா, தேவையின் அடுக்குகளை வரிசைப்படுத்தும் விதியை ஏற்பாரா? பின்னதையே அவர் ஏற்பார் என்பது தெளிவு. 2012-ஆம் ஆண்டின் தேசிய நீர்க்கொள்கை இத்திசையில் ஓரடி எடுத்துவைத்தது. குடிநீர், தூய்மை, உணவுப் பாதுகாப்பு, பிழைப்புக்கான உழவு, சூழலின் குறைந்தபட்சத் தேவை ஆகியவற்றை முதலில் நிறைவு செய்து, எஞ்சிய நீரையே பொருளாதாரப் பண்டமாகக் கருத வேண்டும் என அது கூறுகிறது.

முறை என்னும் கருத்து

தமிழில் முறை என்னும் சொல் நீதியையும் குறிக்கும், வரிசையாக வரும் தவணையையும் குறிக்கும், உறவையும் குறிக்கும். அரசன் முறை செய்தான் என்பதும், பற்றாக்குறைக் காலத்தில் வயல்களுக்கு முறை வைத்து நீர் பாய்ச்சினர் என்பதும் ஒரே சொல்லால் வழங்குவது எண்ணத்தக்கது. தலைமடைக்காரன் தன் முறை முடிந்ததும் மடையை அடைக்க வேண்டும் என்பது இதன் உட்பொருள். எடுப்பதைப் போலவே நிறுத்துவதும் நீதியின் பகுதியாகிறது. நம் நீர்க்கொள்கைகளில் யார் முதலில் எடுப்பது என்பதற்கு விதி உண்டு. எப்போது நிறுத்துவது என்பதற்கு விதி இல்லை.

முதலாம் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் ஏரி வாரியம் என்னும் குழுவைக் குறிப்பிடுகின்றன. வாரியப் பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் நெருங்கிய உறவினரும் மீண்டும் தெரிவு பெறத் தகுதியற்றவர் என்று அவை விதித்தன. நிலமும் மனையும் உடையாரே உறுப்பினராகலாம் என்னும் வரம்பு அவ்வமைப்பின் குறை. அதனைப் பொற்காலமாகப் போற்ற வேண்டுவதில்லை. எனினும் நீரைக் கையாள்பவர் கணக்குக் காட்டியே தீரவேண்டும் என்னும் கருத்து இன்றும் ஏற்புடையது.

கொடுத்தவருக்கும் பெற்றவருக்கும் இடையே உறவு நிலைக்க இயலும் என்பதற்கு அண்மை வரலாற்றிலும் சான்று உண்டு. 1976-இல் மகாராட்டிரம், கர்நாடகம், ஆந்திரம் ஆகிய மூன்று மாநிலங்களும் தம் கிருஷ்ணா நீர்ப்பங்கிலிருந்து ஆளுக்கு 5 டி.எம்.சி. சென்னையின் குடிநீருக்கு வழங்க இசைந்தன. கிருஷ்ணா படுகையில் சென்னை இல்லை. தமிழ்நாட்டிற்கு அவ்வாற்றில் உரிமையும் இல்லை. தாகம் ஒன்றே காரணமாயிற்று. 1983-இல் உடன்பாடு கையெழுத்தாகி, 1996-இல் நீர் வந்தது. வழியில் ஆகும் இழப்பு நீங்கலாக 12 டி.எம்.சி. என்னும் அளவு பல ஆண்டுகளில் எட்டப்படவில்லை. ஆயினும் எல்லை கடந்த குடிநீர் அறத்தைத் தமிழ்நாடு பெற்றுத் துய்த்துள்ளது என்பதால், அவ்வறத்தைப் பிறிதொரு நகரத்திற்கு மறுக்கும் உரிமை அதற்கு இல்லை. அதன் நிபந்தனைகளை வலியுறுத்தும் உரிமையே உண்டு.

முடிவுரை

குடிநீருக்கு முதலிடம் என்னும் நெறி சரியானதே. அதன் வலிமை தாகத்திலிருந்து பிறப்பதால் தாகத்தின் அளவோடு நிற்பதற்கே அது உரியது. நகரத்தின் நீர்த்தேவை முழுவதும் தாகமாகாது. உழவின் நீர்த்தேவை முழுவதும் பிழைப்பாகாது. ஆகவே வருங்காலப் பங்கீடு துறைவாரி வரிசையைக் கைவிட்டு, எத்துறையினதாயினும் உயிர்த்தேவையை முதலிலும், வாழ்வுத்தேவையையும் ஆற்றின் தேவையையும் அடுத்தும், வசதித்தேவையை இறுதியிலும் வைத்தல் வேண்டும்.

குடிநீர் உரிமையோடு மூன்று கடப்பாடுகள் பிரிக்கவியலாது இணைந்துள்ளன. திரும்பும் என்று எண்ணப்பட்ட நீரைத் தூய்மையுடன் திருப்புதல் ஒன்று. தன் எல்லைக்குள் உள்ள ஏரியையும் மழைநீரையும் காத்தல் மற்றொன்று. எடுத்த நீர் எவருக்கு எவ்வளவு சென்றது என்பதைப் பொதுவெளியில் கணக்குக் காட்டுதல் பிறிதொன்று. இவற்றைப் பெங்களூருவிடம் கேட்பவர் சென்னையிடமும் கேட்டல் வேண்டும்.

உச்சநீதிமன்றத்தின் 2018-ஆம் ஆண்டு ஒதுக்கீடு 15 ஆண்டுகளுக்கு மாறாது நிலைக்கும் எனத் தீர்ப்பு கூறுகிறது. அக்காலம் 2033-இல் முடிவுறும். அப்போது மீண்டும் எண்கள் பேசப்படும். நகரத்திலும் வயலிலும் கழிமுகத்திலும் யாருடைய எத்தேவைக்கு எவ்வளவு நீர் என்னும் அடுக்குக் கணக்கை இருமாநிலப் பல்கலைக்கழகங்களும் நீர்வாரியங்களும் உழவர் அமைப்புகளும் இணைந்து அதற்கு முன்னரே வகுத்துக்கொண்டால், தெருவில் தீமூட்டாமல் அவ்வெண்களைப் பேச இயலும்.